குறிஞ்சியும் சின்னானும்

நம் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையைப் பாரி வள்ளலின் பறம்புமலை என்பர். பாரியின் தோழர் கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன 99 மலர்களுள் குறிஞ்சியும் ஒன்று. அதன் நீலப் பூப்பைக் காண விரும்பும் காரைக்குடிப் பக்கத்தார் கொடைக்கானல் மலைக்கு ஏற வேண்டும். அங்கும் நினைத்தபோது காண இயலாது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறையே பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல் பூக்கும் என்று எதிர்பார்க்கின்றனர்.

இப்புதர்ச்செடிகள் ஒருசேர மலர்ந்து மலைச்சரிவையே நீலமாக்கும். விதை முற்றியதும் மடிந்துபோகும். விதை தின்னும் உயிர்கள் தின்று தீர்க்க இயலாதபடி ஒரே காலத்தில் விதையைக் கொட்டுவதே இந்த நெடுங்காத்திருப்பின் பயன் எனத் தாவரவியலார் கருதுகின்றனர்.

அதே மலைச் சோலைகளில் செம்மீசைச் சின்னான் என்னும் பறவை வாழ்கிறது. தலையில் கூரிய கருங்கொண்டை, கன்னத்தில் செந்நிறத் திட்டு, இனிய குரல். வாலடி சிவந்த அதன் உறவுப் பறவையை நம் ஊர் வேலியோரங்களில் கொண்டைக்குருவி என்று அறிவோம். இவற்றைக் காண எவரும் பேருந்து ஏறுவதில்லை. ஆயினும் பழத்தைத் தின்று, எச்சத்தோடு விதையைத் தூவி, நாள்தோறும் காடு வளர்க்கின்றன.

இவ்விரண்டில் எது உயர்ந்தது? அவ்வினாவே பொருந்தாது. பூவாத ஆண்டுகளிலும் குறிஞ்சி சோம்பியிருப்பதில்லை. வேரும் தண்டும் வளர்த்து, அந்த ஒரு பூப்புக்காகவே உழைக்கிறது.

நம் இல்லங்களிலும் இவ்விரு வகையினர் உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய காலந்தொட்டு, செட்டிநாட்டு ஆண்மக்கள் பலர் பொருள் தேடிக் கடல் கடந்து வாழ்ந்தனர். இன்றும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைப்போர் உளர். சில ஆண்டுகளுக்கொரு முறை மகன் வருகிறான். வீடு விழாக்கோலம் கொள்கிறது. கொள்ளட்டும்! தனிமையில் அவன் பட்ட பாட்டின் மலர்ச்சி அன்றோ அது? ஆனால், அன்றும் அடுப்படியில் நிற்பவள் மருமகள்தான். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு அன்றாடம் கஞ்சி புகட்டுபவளும் அவளே. அவளைப் பாராட்டி ஒரு சொல் சொன்னோமா? ‘அவள் இங்கேதானே இருக்கிறாள்’ என்று இருந்துவிடுகிறோம். அருகிலிருப்பதே அவள் குற்றமாகிவிடுகிறது!

குறிஞ்சிக்காக 2030 வரை காத்திருப்போம். கொண்டைக்குருவிக்கு நாளைக் காலையே செவிசாய்ப்போம். அவளுக்குரிய நன்றியையோ, இன்றிரவு உணவு வேளையிலேயே, எல்லாரும் கேட்கச் சொல்லிவிடுவோம்.