முப்பது நாள்தானே

குமரி மாவட்டத்துச் சபை ஒன்றில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை நான். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆராதனையில் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். அந்த உரிமையில் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன்.

சென்ற மாதம் பெரிய வகுப்புக்குத் தானியேல் ஆறாம் அதிகாரம் பாடம். பதிவேட்டில் பத்தொன்பது பெயர். வந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் நீட் பயிற்சி வகுப்பில் இருந்தார்கள். அந்த அதிகாரத்தில், முப்பது நாளைக்கு ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது, மீறினால் சிங்கக் கெபி என்று கட்டளை பிறக்கிறது. தானியேலோ எப்போதும்போல எருசலேமை நோக்கிய பலகணியைத் திறந்துவைத்துத் தினம் மூன்று வேளை முழங்காலில் நிற்கிறார். சொல்லி முடித்ததும் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், முப்பது நாள்தானே! ஜன்னல மூடிட்டு மனசுக்குள்ள ஜெபிச்சிருக்கலாம்லா? கடவுளுக்குத் தெரியும்லா?"

கேலியாகக் கேட்கவில்லை. அவனுக்கு மெய்யாகவே விளங்கவில்லை. எப்படி விளங்கும்? "பிளஸ் டூ முடியுற வரைக்கும்தானே, ஆண்டவருக்கு நம்ம நிலைமை தெரியும்" என்று அவன் காதில் விழும்படி பேசுகிறவர்கள் நாம்தானே.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து சபையும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே வளர்ந்த மண் இது. ஆனால் வாரத்தின் 168 மணி நேரத்தில் ஆண்டவருக்கென்று இருந்த இரண்டு மணியைத்தான் முதலில் பிடுங்கினோம். சனிக்கிழமை இரவுத் தொடரை யாரும் பிடுங்கவில்லை. ரமலான் மாதத்தில் நோன்போடு வந்து தேர்வு எழுதும் பிள்ளை நம் பிள்ளைக்குப் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு மதிப்பெண்மேல் ஆசை இல்லையா?

நாம் யாருடைய வாரிசுகள் என்பதாவது நினைவிருக்கிறதா? தென் திருவிதாங்கூரில் இயேசுவை ஏற்றுக்கொண்ட பெண்கள், தங்களுக்கு மறுக்கப்பட்டிருந்த மேலாடையை அணிந்து சந்தைக்குப் போனார்கள். உயர்சாதியார் நடுத்தெருவில் அதைக் கிழித்தார்கள். ஜெபக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். அந்தப் பெண்கள் மறுபடியும் அணிந்துகொண்டுதான் போனார்கள். அந்தப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்தது. 1859இல் அரசு இறங்கி வந்து மேலாடைக்கு அனுமதி தந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தே தந்தது. வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்வோம், ஆண்டவருக்குத் தெரியும் என்று அந்தப் பாட்டிகள் இருந்துவிடவில்லை. அவர்கள் யாரை நம்பினார்கள் என்பது சந்தையில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

நாம் எங்கே தெரிகிறோம்? காரின் பின்கண்ணாடியில் வசனம் ஒட்டுகிறோம். புத்தாண்டு ஆராதனையில் தந்த வாக்குத்தத்த அட்டையை நிலைவாசலில் மாட்டுகிறோம். அந்த நிலைவாசலுக்கு உள்ளே கல்யாணப் பேச்சு நடக்கும்போது பாருங்கள். ஆலயத்தில் கல்யாண ஓலை வாசிப்பதற்கு எத்தனையோ நாள் முன்னதாகவே முன்னறையில் பவுன் கணக்கு முடிந்துவிடுகிறது. தொடக்கத்தில் ஒரு ஜெபம், கடைசியில் ஒரு ஜெபம், நடுவில் பேரம். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி வரதட்சணை வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். "நாங்க ஒண்ணும் கேட்கல, அவங்க மகளுக்கு அவங்களாச் செய்றாங்க" என்று சொல்லிக்கொள்கிறோம். எவ்வளவு செய்வார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எழுந்து போன மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர்? சாதியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டாம். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தவர்கள், பெண் எடுக்கும்போது எதை முதலில் விசாரிக்கிறோம் என்பது நமக்கே தெரியும்.

என் தங்கையின் கல்யாணப் பேச்சில் நானும் அப்படி ஒரு அறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது தேநீர்த் தட்டை ஏந்தி நின்றவள் என் மகள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அன்றைக்கு அவள் கற்ற பாடத்தை அழிக்க எந்த விடுமுறை வேதாகமப் பள்ளி (விபிஎஸ்) வகுப்பாலும் முடியவில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

பிள்ளைகள் வழி விலகிப் போனால் செல்போனைக் குறை சொல்கிறோம், சினிமாவை, கல்லூரியை, கூட்டாளிகளைக் குறை சொல்கிறோம். பத்து நாள் உபவாசமிருந்து அழுகிறோம். ஜன்னலை முதலில் மூடியது யார் என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை.

அந்தப் பையனுக்கு நான் ஏதோ பதில் சொன்னேன். தலையாட்டினான். நான் ஞாயிறுக்கு ஞாயிறு ஒரு மணி நேரம் பார்க்கிற டீச்சர். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். வருகிற ஞாயிறு வகுப்பு எட்டரை மணிக்கு. பிள்ளைகளை அனுப்பி வைக்காதீர்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள்.