மழையில் கோடைக்கானல்

மலை வாசஸ்தலங்களுக்குப் போகிறவர்கள் மழையைத் தங்கள் ஜன்ம சத்துருவாகப் பாவிப்பது ஏன் என்று நமக்கு விளங்குவதில்லை. வெயிலுக்குப் பயந்துதானே மலை ஏறுகிறோம்? அங்கே போயும் சூரிய பகவானைத் தேடி ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது வேடிக்கைதான்!

ஐப்பசி அடைமழையில் நாம் ஒரு நாள் கோடைக்கானலுக்குப் போயிருந்தோம். 2024-ஆம் வருஷம் முதல் அந்த மலைக்கு வாகனத்தில் வரும் வெளியூர்க்காரர்கள் இ-பாஸ் என்னும் அநுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மேகங்களுக்கு மட்டும் அந்த நிபந்தனை கிடையாது போலும்! ஏரிக்கரையை அடைந்தபோது ஏரியையே காணோம். படகுகளைக் கரையோரமாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் ஒரு காற்று அடித்தது. முதலில் எதிர்க்கரை மரங்களின் தலைகள் தெரிந்தன. பிறகு ஏரித் தண்ணீர் தெரிந்தது. தண்ணீர் முழுவதும் மழைத் துளிகள் புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தன. அந்தக் காட்சி ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. மறுபடியும் எல்லாம் வெள்ளைத் திரைக்குள் மறைந்தன.

சவாரி கிடைக்காமல் குதிரையுடன் நனைந்துகொண்டிருந்த ஒருவரிடம், “மழையினால் உங்களுக்கு நஷ்டந்தானே?” என்று கேட்டோம். “பெய்தால் எங்களுக்குப் பட்டினி, ஐயா. பெய்யாவிட்டால் ஏரிக்குப் பட்டினி. ஏரி வற்றினால் இங்கே யார் வரப் போகிறார்கள்?” என்றார் அவர்.

அந்த ஏரி இயற்கை தந்ததல்ல. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் இந்த மலையில் முதன்முதலாக வீடு கட்டிக்கொண்டார்கள். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு என்பவர் 1863-இல் சதுப்பு நிலத்து ஓடைகளுக்குக் கரை போட்டு, சுமார் 60 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரியை உண்டாக்கினார். அவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது, இருக்கட்டும். மண் சுமந்தவர்களின் பெயரை நாம் எங்கும் காணவில்லை. மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியில் வைத்து மலைமேல் தூக்கி வந்தவர்களும் நம்மவர்களே. மழையில் அவர்களுக்குக் கால் வழுக்கியிருக்காதா? இதைப் பற்றி எழுத எந்தத் துரையும் மெனக்கெட்டதாகத் தோன்றவில்லை.

இன்னொரு சமாசாரத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மூடப்பட்ட உஷ்ணமானித் தொழிற்சாலை ஒன்றின் இயந்திரங்கள் 1983-இல் இந்த மலைக்கு வந்து சேர்ந்தன. பாதரசக் கழிவு விவகாரம் வெளிப்பட்டு, 2001-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆயிற்று. ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் கலந்திருப்பதை 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது. அந்நியர் தம் ஊரில் வேண்டாமென்று மூடியதை நம் சோலைக்காட்டின் தலைமேல் கொண்டுவந்து வைக்க நாமும் இடம் கொடுத்தோமே, அதுதான் நம் நெஞ்சை உறுத்துகிறது. மழைத் தண்ணீர் போகிற வழியில் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டுதானே இறங்கும்?

திரும்பும் வழியில் வெள்ளியருவியில் வண்டியை நிறுத்தினோம். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே சுமார் 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அன்று அது வெள்ளியாக இல்லை. செம்மண் கரைந்து, காப்பி நிறத்தில் பேரிரைச்சலுடன் கொட்டிக்கொண்டிருந்தது. குடை பிடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் ஒரு குழந்தை மட்டும் குடையை விட்டு வெளியே வந்து, இரண்டு கைகளையும் நீட்டிச் சாரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.