முதல் பிரசவம் பொம்மையிடம் நடக்கட்டும்

குழந்தையின் தலை வெளியே வந்துவிட்டது. அடுத்த நொடியே பின்வாங்கி, தாயின் உடலோடு ஒட்டி அழுந்தி நிற்கிறது. தோள் அடிவயிற்று எலும்புக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. பதற்றத்தில் தலையைப் பிடித்து இழுத்தால் கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் சிதைந்து, குழந்தையின் கை வாழ்நாள் முழுக்கச் செயலிழந்துபோகலாம். தாயின் இரு தொடைகளையும் வயிற்றை நோக்கி நன்றாக மடக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் அடிவயிற்றின் மேலிருந்து தோளை அழுத்தித் தள்ள வேண்டும். புத்தகத்தில் இது அரைப் பக்கம்தான். பிரசவ அறையில் இதைச் செய்துமுடிக்கச் சில நிமிடங்களே கிடைக்கும். எந்த மாணவரின் டூட்டி நேரத்தில் இது நேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருமுறைகூடப் பார்க்காமலே ஹவுஸ் சர்ஜன் காலத்தை முடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக நிற்க வேண்டிய நிலை ஓர் இளம் மருத்துவருக்கு எளிதில் வந்துவிடும்.

பொம்மையை வைத்துப் பிரசவம் பழகுவது புதிய யோசனை அல்ல. 18ஆம் நூற்றாண்டில் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணையோடு பிரான்ஸ் முழுக்கச் சுற்றிய மருத்துவச்சி மதாம் து கூத்ரே, துணியாலும் தோலாலும் தைத்த இடுப்பையும் குழந்தையையும் கொண்டே ஆயிரக்கணக்கானோருக்குப் பேறு பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அதன் பலனை எண்களில் காட்டியவர்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் மருத்துவர்கள். ஏற்கெனவே பணியில் இருந்த 140 மருத்துவர்களையும் மருத்துவச்சிகளையும் தோள் சிக்கிய பொம்மைக் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். முடிந்தது 43 சதவீதம் பேருக்குத்தான்; பயிற்சிக்குப் பின் அது 83 சதவீதம் ஆனது. பிரசவம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தடுமாறினார்கள் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். அரிதாக வரும் ஆபத்தைச் சமாளிக்க சர்வீஸ் மட்டும் போதாது. அந்நகரின் சவுத்மீட் மருத்துவமனையில் பிரசவப் பிரிவு ஊழியர்கள் அனைவரும் ஆண்டுதோறும் பயிற்சி பெற்றதும், தோள் சிக்கிய பிரசவங்களில் காயமடைந்த குழந்தைகள் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்த கணக்கில், நிரந்தரக் கை பாதிப்பு ஒன்றுகூட இல்லை.

நாங்கள் லேபர் வார்டிலேயே கற்றுக்கொண்டோமே என்று மூத்த மருத்துவர்கள் கேட்கலாம். அந்த வார்டு இப்போது மாறிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். கற்றுக்கொள்ளக் கிடைக்கும் சுகப்பிரசவங்கள் குறைய, கற்க வருவோரோ பெருகுகிறார்கள்: 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன, அவற்றில் 1,450 இடங்கள். மருத்துவர்கள் நமக்கு வேண்டும்தான். ஆனால் வலியில் துடிக்கும் ஒருத்திக்குப் பலர் அடுத்தடுத்து உள்பரிசோதனை செய்து பழகினால் கிருமித்தொற்று அபாயம் கூடும். அவளது மானமும் போகும். வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அந்த நேரத்தில் அவளுக்கு இருக்காது. இலவச சிகிச்சைக்கு வந்த ஏழை என்பதால், தன் உடலில் பிறர் முதன்முதலாகக் கைபழக அவள் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது.

பொம்மை அழாது, பயப்படாது, பிரசவித்த பெண்ணின் கண்ணைப் பார்த்துப் பேசும் பக்குவத்தை அதனிடம் கற்க முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். அதனால்தான் இது வார்டுக்கு மாற்றாக அல்ல, வார்டுக்கு முந்தைய படியாக வேண்டும். பீகாரின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: அறுவை அரங்கில் போடும் சாதாரண பேண்ட்டை வெட்டித் தைத்து, பிறப்புவழி அமைத்து, ஒரு நர்ஸே அதை அணிந்து கர்ப்பிணியாக நடிக்கிறார். எதிரே இருப்பவர் அவரிடம் பேசியாக வேண்டும், வலியைக் கேட்டாக வேண்டும். செலவு அதிகம் என்ற வாதத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. விலையுயர்ந்த ரோபோ பொம்மை அல்ல, உடனிருந்து திருத்தும் ஆசிரியர்தான் இங்கே அரிய பொருள்.

இன்னும் கனமான ஆட்சேபம் ஸ்காட்லாந்திலிருந்து வருகிறது. பிரிஸ்டல் பயிற்சியை அங்கே 12 மகப்பேறு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனபோது, பிறந்த குழந்தைகளின் நிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. இதை மறைக்கக் கூடாது. சவுத்மீட்டில் பலன் தந்தது பொம்மை மட்டும் அல்ல. தங்கள் சொந்த வார்டில், அன்றாடம் உடன் வேலை பார்ப்பவர்களோடு, ஆண்டு தவறாமல் பழகிய வழக்கம் அது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் கல்லூரிகளில் 2019 பாடத்திட்டத்திலேயே ஸ்கில் லேப் கட்டாயமாகிவிட்டது. இனி ஆய்வுக்கு வருவோர் அறை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், எந்த மாணவர் எத்தனை முறை அதில் பழகினார் என்று லாக்புக்கைக் கேட்க வேண்டும். அதில் ஆசிரியர் கையெழுத்து இல்லாதவரைப் பெண்ணின் அருகே பரிசோதனைக்கு அனுப்பக் கூடாது. தோள் சிக்கலுக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்குக்குமான ஒத்திகையை, ஸ்டாஃப் நர்ஸையும் மயக்கவியல் மருத்துவரையும் சேர்த்து லேபர் வார்டிலேயே நடத்த வேண்டும். ஆள் குறைந்த நைட் டூட்டியிலும் நடத்த வேண்டும்.