மழைக்காலத்து விருந்தினர்

நெடுநாள் கழித்து ஜொகூருக்குத் திரும்புவோர் சிலர், ஆண்டிறுதி மழையில் தோட்டத்தைக் கண்டவுடனே கட்டுரை எழுதத் துணிந்துவிடுகின்றனர். பசுமை மாறவில்லை, அமைதி குலையவில்லை என்பதே அவர்தம் முடிபு. அதனை நம் மாணவர்க்கு மாதிரிக் கட்டுரையாக வைப்பதை நாம் ஏற்றல் கூடாது.

பசுமை மாறவில்லையா? அவர் விட்டுச் சென்றது ரப்பர். இன்று காண்பது பெரும்பாலும் செம்பனை. அமைதி என்பதுதான் யாது? மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்தோடும். கோப்பையில் மழைநீர் நிறையும். ஆகவே, மழைநாளில் பால்வெட்டு இல்லை. நாட்கூலி வாழ்வில் வேலையில்லா நாள் சம்பளமில்லா நாளன்றோ? விருந்தினர் செவிக்கு இசையாக ஒலித்த தகரக்கூரை மழை, லயத்துத் தாய்க்கு அரிசிக் கணக்காகவே ஒலித்தது.

வெள்ளத்தையும் எண்ணுக. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலுமாகக் கோத்தா திங்கி இருமுறை மூழ்கியது. இம்மாநிலத்தில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு துறந்து நிவாரண மையம் புகுந்தனர். 2023 மார்ச்சில் பத்து பகாட்டில் நீர் வடிய வாரங்கள் ஆயின. இவையெல்லாம் ஒரு பிற்பகல் வருகையில் புலப்படுமா?

முதற்பார்வையே வேண்டா என்பதன்று நம் கருத்து. உள்ளூரார் பழகி மறந்ததை வந்தவர் கண் காணுதலும் உண்டு. ஆயினும், அது கேள்வியின் தொடக்கம், தீர்ப்பன்று.

ஆசிரியப் பெருமக்களே! ‘மழைக்காலம்’ எனத் தலைப்புத் தருங்கால் மயிலையும் தவளையையும் மட்டும் கேளாதீர். அன்று உன் வீட்டில் யார் வேலைக்குப் போகவில்லை என்றும் கேளுங்கள். அவ்வினாவுக்கு உண்மையாக விடை எழுதும் மாணவனே நாளை இம்மண்ணின் எழுத்தாளன்.