திறப்பு வேறு, உறுதி வேறு



புது வீடு என்றால் மேளம் அடிக்கிறார்கள், மாலை போடுகிறார்கள், திறப்பைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். நாம் கேட்பது ஒன்றுதான்: உறுதி எங்கே?

"கடிதம் தந்திருக்கிறோமே" என்கிறார்கள். யார் கையெழுத்திட்ட கடிதம்? 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டக் காணிகள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம்தான் கம்பனிகளிடம் போனது, காணி போகவில்லை. கம்பனிகளிடம் இருப்பது 2045இல் முடியும் 53 ஆண்டுக் குத்தகை. வாடகைக்கு இருப்பவர் அந்த வீட்டை விற்க முடியுமா? அப்படியானால் குத்தகைக்காரக் கம்பனி நமக்கு எப்படிக் காணியை எழுதித் தரும்? துரை தரும் கடிதம் குடியிருக்க அனுமதி மட்டுமே.

இந்த நாட்டில் மற்றவர்களின் காணி எப்படிக் கைமாறுகிறது? 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு உறுதி எழுதப்படுகிறது. பிறகு காணிப் பதிவகத்தில் பதியப்படுகிறது. பதியாமல் பெட்டிக்குள் வைத்த உறுதியை, அதே காணிக்குப் பின்னால் எழுதி முதலில் பதிந்த உறுதி வென்றுவிடக்கூடும். உறுதிக்கே இந்த நிலை என்றால், வெறும் கடிதம் எம்மாத்திரம்?

"உறுதி கொடுத்தால் விற்றுவிடுவார்கள்" என்று சிலர் நமக்காகக் கவலைப்படுகிறார்கள். கொழும்பில் காணி வாங்குகிறவரிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா? ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். நமக்குத் தருவதாகச் சொன்னது 7 பேர்ச்சஸ். காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களின் பிள்ளைகளுக்கு அதையும் உறுதியில்லாமல் தருவதா?

எனவே எந்தக் கடதாசியில் கையெழுத்துக் கேட்டாலும் முதலில் நாலு கேள்வி கேளுங்கள். தருகிறவர் காணியின் சொந்தக்காரரா, குத்தகைக்காரரா? நிலஅளவை வரைபடத்தில் நம் துண்டுக்கு இலக்கமும் எல்லையும் உண்டா? கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கிறதா? பதிவகத்தில் பதிந்தாயிற்றா? வாசிக்க விளங்காத மொழியில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொண்டு வாருங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி எங்கும் பதிவகம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் பதிவேட்டை யாரும் பார்க்கலாம்.

வீடு பிச்சையல்ல. திறப்போடு உறுதியும் தா! அளந்து தா, பதிந்து தா, எங்கள் பெயரில் தா!