கடலுக்கு ஒரே பாஷை வேண்டும்!

கடலில் ரோடு இல்லை. மைல்கல் இல்லை. கை காட்டப் போலீஸ்காரரும் இல்லை. தண்ணீருக்குள் மறைந்திருக்கும் பாறையும் மணல் திட்டும் மாலுமிக்கு எப்படித் தெரியும்?

மிதவைதான் சொல்ல வேண்டும். கடலடியில் கனத்த எடையைப் போட்டு, அதோடு சங்கிலியால் கட்டி மிதக்க விட்டிருப்பார்கள். அதன் நிறம் பேசும். உச்சியில் உள்ள அடையாளம் பேசும். இரவில் விளக்கு பேசும்.

பேசினால் போதுமா? புரிய வேண்டாமா?

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே இருப்பது டோவர் நீரிணை. 1971 ஜனவரி 11-ந் தேதி, அங்கே 'டெக்சகோ கரீபியன்' என்ற எண்ணெய்க் கப்பலும் பெரு நாட்டுக் கப்பல் ஒன்றும் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கப்பல் மூழ்கியது. மறுநாளே, மூழ்கிக் கிடந்த அந்தக் கப்பலில் இடித்து ஜெர்மன் கப்பல் 'பிராண்டன்பர்க்' மூழ்கியது.

உடனே அந்த இடத்தில் விளக்குக் கப்பலையும் மிதவைகளையும் நிறுத்தினார்கள். அப்படியும் பிப்ரவரி 27-ந் தேதி கிரேக்கக் கப்பல் 'நிக்கி' அங்கேயே வந்து இடித்தது. அதில் இருந்த 22 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மூன்று விபத்துகளிலும் மாண்டவர்கள் 51 பேர்.

"மாலுமிக்குக் கவனம் போதாது" என்று சொல்லிவிடுவது சுலபம். 'நிக்கி'யில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் ஆள் இல்லையே! அந்நாளில் உலகில் 30-க்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன. ஒன்றின் விதி மற்றொன்றுக்கு நேர் விரோதம். பல நாட்டுத் துறைமுகங்களுக்குப் போகிற மாலுமி, நடுராத்திரியில் எதை என்று நினைவில் வைப்பார்?

பிறகுதான் நாடுகள் கூடிப் பேசின. 1980-ல் டோக்கியோ நகரில் உடன்பாடு கண்டன. இன்று, கறுப்பு மிதவையில் சிவப்புப் பட்டையும் உச்சியில் இரண்டு கறுப்பு உருண்டைகளும் இருந்தால், அதன் அடியில் ஆபத்து. சுற்றிலும் வழி உண்டு. கறுப்பும் மஞ்சளுமான மிதவையில் இரண்டு கூம்புகளும் மேலே பார்த்தால், வடக்குப் பக்கமாகப் போக வேண்டும். கீழே பார்த்தால் தெற்குப் பக்கமாக. எந்த நாட்டுக் கடலிலும் இதே அர்த்தம்தான்.

ஆனால் ஒரு குறை நிற்கிறது. துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் சிவப்பு மிதவை இடது பக்கம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வலது பக்கம்! பழைய வழக்கத்தை விட இரு தரப்புக்கும் மனமில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. மாற்றச் செலவாகும்தான். கப்பலைவிடவா? ஆளைவிடவா?

2002-லும் ஆங்கிலக் கால்வாய்ப் பக்கம் இதே கதை நடந்தது. கார்களோடு மூழ்கிய 'ட்ரைகலர்' கப்பல் மீது இன்னும் இரண்டு கப்பல்கள் போய் இடித்தன. அதன் பின், 2006-ல், புதிதாக மூழ்கிய கப்பலுக்கென்றே நீலமும் மஞ்சளும் கோடு போட்ட மிதவை வந்தது. இரவில் நீல ஒளியும் மஞ்சள் ஒளியும் மாறி மாறி மின்னும்.