ஃபிளாப்பியில் சிக்கிய கதை

பொங்கோலில் புது வீட்டுக்கு மாறியபோது, "புத்தகங்களை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டால் அலமாரியே வேண்டாமே" என்றார் மனைவி. நாலறை வீட்டில் அது நியாயமான யோசனைதான்.

அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். அவர் தமிழாசிரியராக இருந்தவர். 1986ல் சொந்தச் செலவில் அச்சிட்ட அவருடைய சிறுகதைத் தொகுப்பு மேலாக இருந்தது. தாள் பழுப்பேறி, ஓரங்களை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. ஆனாலும் எட்டுக் கதைகளையும் அன்றிரவே படித்து முடித்துவிட்டேன்.

அதன் அடியில் ஒரு ஃபிளாப்பி. 'புதிய கதைகள், 1998' என்று அப்பாவின் கையெழுத்து. அச்சேறாத நான்கு கதைகள்!

அதைப் படிக்கும் கருவியைத் தேடிப் பிடிக்கவே இரண்டு வாரமாயிற்று. கோப்பைத் திறந்தால், திரை முழுக்கப் புரியாத குறிகள். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளில் இருந்தன. உரிய எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் தமிழாகத் தெரியாது. கணினி தெரிந்த நண்பர் ஒருவர் எழுத்துருமாற்றியைக் கொண்டு மூன்று கதைகளை மீட்டுத் தந்தார். நான்காவது கோப்பு சிதைந்துபோயிருந்தது.

புத்தகம் கவனிப்பாரற்றுக் கிடந்தும் பிழைத்தது. மின்கோப்பை அப்படி விட்டுவிட முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது அதைப் புதிய சாதனத்துக்கு மாற்றவேண்டும். காசு கொடுத்து வாங்கிய மின்னூலும் கடையை நம்பித்தான் இருக்கிறது. மைக்ரோசாப்ட் 2019ல் தன் மின்னூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பித் தந்தது. ஆனால், வாங்கியவர்களால் நூல்களைத் திறக்க முடியவில்லை.

அதற்காகத் தாளே போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே இடத்தில் சாம்பலாயின. ஈழத்து நூல்களை 2005 முதல் மின்வடிவாக்கி இணையத்தில் இலவசமாகத் தரும் 'நூலகம்' திட்டத்தின் அருமை அதை நினைத்தால் புரியும். இங்கும் 2015ல், நாட்டின் பொன்விழா ஆண்டில், சமூகத் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து, 50 ஆண்டுகாலச் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்மயமாக்கினார்கள்.

ஆக, தாளா திரையா என்பதல்ல கேள்வி. எத்தனை படிகள், எத்தனை இடங்களில், யார் பொறுப்பில் என்பதுதான். உங்கள் வீட்டிலும் பழைய சிடியோ கைப்பேசியோ இழுப்பறையில் கிடக்கலாம். இந்த வாரமே திறந்து பாருங்கள்.

மூன்று கதைகளையும் சிறு நூலாக அச்சிடக் கொடுத்திருக்கிறேன். இங்கு வெளியாகும் அச்சு நூலில் இரண்டு படிகளை தேசிய நூலக வாரியத்திடம் தரவேண்டும் என்பது சட்டம். அதை மகிழ்ச்சியோடு செய்வேன். தங்கை வீட்டுக்கு ஒரு படி போகும். கோப்புகள் இரண்டு இடங்களில் இருக்கும். அலமாரியும் வாங்கியாயிற்று.

நான்காவது கதையைக் கேட்க அப்பா இல்லை. தேக்காவில் ஒரு பூக்காரர் மழைக்கு ஒதுங்கி நிற்பார் என்பதுவரை அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அதற்குமேல் வரவில்லை.